வளர்ப்புப் பாம்புடன் நாடு மாறுவது: கேள்வி பதில்

பால் பைத்தான் (ball python) என்ற நச்சற்ற மலைப்பாம்பு வகையை வளர்ப்பவள் நான். அமெரிக்காவில் இருந்து ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தபோது என் பாம்புகளையும் உடன் கொண்டுவந்தேன். அதன் பிறகு இதே வழியில் வருகிறவர்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்ப உதவி வருகிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மூன்று மாதத்தில் மியூனிக் போகிறோம். எங்களிடம் நான்கு வயது பால் பைத்தான் ஒன்று இருக்கிறது. எதில் தொடங்குவது?

டிக்கெட்டில் தொடங்காதீர்கள். உங்கள் பாம்பு எங்கே பிறந்தது என்பதற்கான சான்றைத் தேடி எடுங்கள்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. பால் பைத்தான் அதன் இரண்டாம் பட்டியலில் வருகிறது. விற்கவில்லை, வீட்டில் வளர்க்கிறோம் என்று சொன்னாலும் எல்லை தாண்ட அனுமதி கட்டாயம். அமெரிக்காவின் மீன், வனவிலங்குத் துறையிடம் வளர்ப்பு விலங்குகளுக்கென்றே 3-200-46 என்ற விண்ணப்பம் இருக்கிறது.

அதில் பலர் தடுமாறும் இடம் பாம்பின் பிறப்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளில் இருந்து பல்லாண்டுகளாகப் பால் பைத்தான்கள் ஏற்றுமதியாகின்றன. காட்டில் பிடித்தவையும் அவற்றில் உண்டு. ஆகவே உங்களுடையது கூண்டில் பிறந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். விற்பனை ரசீது போதும் என்று நினைக்காதீர்கள். பாம்பை வளர்த்து விற்றவரிடம், அது தன்னிடம் எந்த ஆண்டு, எந்தத் தாய் தந்தைக்குப் பிறந்தது என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். அனுமதியில் 'சி' என்ற ஓரெழுத்துக் குறியீடு விழுந்தால் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டது என்று பொருள். 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது. அந்த ஓரெழுத்துக்காகத்தான் இத்தனை அலைச்சல். விற்றவர் தொழிலை விட்டுப் போயிருந்தால் பழைய மின்னஞ்சல்கள், கடையின் விளம்பரம், கால்நடை மருத்துவரின் பதிவேடு என எதுவும் வீண் போகாது. எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது ஜெர்மனி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி அனுமதி மட்டும் போதாது; பான் நகரில் உள்ள இயற்கைப் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகத்திடம் இறக்குமதி அனுமதியும் பெற வேண்டும். பாம்பு இருக்கப்போகும் கூண்டு போதுமானதா என்பதற்கும் சான்று காட்ட வேண்டும் என்று ஒன்றியத்தின் விதி சொல்கிறது. நீள அகல உயரம், வெப்ப ஏற்பாடு இரண்டையும் எழுதி, படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பக்கத்துக்கு மட்டும் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். உங்களுக்கு இருப்பது மூன்று மாதம்தான் என்பதால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஏற்றுமதி அனுமதி ஆறு மாதம் செல்லும். முன்கூட்டியே வந்துவிட்டால் நஷ்டம் இல்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது கார்ன் ஸ்நேக். எனக்கும் இவ்வளவும் உண்டா?

இல்லை. கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை, கிங் ஸ்நேக்கும் அப்படியே. ஆனால் அமெரிக்காவை விட்டு வெளியேறும்போது வனவிலங்கு அறிவிப்புப் படிவமும் ஆய்வாளரின் சோதனையும் உண்டு. போகும் நாட்டின் விதியைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: சின்னப் பாம்புதான். துணிப்பையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

தயவுசெய்து வேண்டாம். பிடிபட்டால் பாம்பு பறிமுதலாகும். பிறகு அது எங்கே போகும் என்பதில் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பாங்காக்கில் இருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பால் பைத்தான்கள் சிக்கிய செய்திகளைச் சென்னை வாசகர்கள் படித்திருப்பீர்கள். மூச்சுத் திணறி, நீர் வற்றி வந்து சேரும் அந்த உயிர்களை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதே இல்லை.

கேள்வி: விமானத்தில் எப்படி அனுப்புகிறார்கள்? குளிராதா?

பயணிகள் பகுதியில் பெரும்பாலான நிறுவனங்கள் பாம்பை ஏற்பதில்லை, சரக்காகத்தான் போகும். அதற்கு முதலில் காற்றுப் புகும் மெல்லிய பருத்திப் பை வேண்டும். தையல் உள்பக்கம் பிரிந்திருக்கக் கூடாது, ஏனென்றால் தொங்கும் நூல் பாம்பின் உடலில் சுற்றி இறுக்கிவிடும். பாம்பை உள்ளே விட்டு, அது பையின் அடிக்குப் போனபின் வாயை முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். அந்தப் பையை, காற்றுத் துளைகள் உள்ள, உள்ளே வெப்பம் காக்கும் பலகை ஒட்டிய உறுதியான பெட்டியில் வைப்பார்கள். பெட்டியின் மேல் 'உயிருள்ள விலங்கு', 'நச்சற்றது', பைத்தான் ரீஜியஸ் என்ற அறிவியல் பெயர், உங்கள் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும்.

குளிரில் கையைச் சூடாக்கிக்கொள்ளும் வெப்பப் பொட்டலங்களை நீங்களாக உள்ளே போடாதீர்கள். அவை காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் சூடாகின்றன. மூடிய பெட்டியில் அளவுக்கு மீறிச் சூடானால் பாம்புக்கு ஒதுங்க இடம் இல்லை. மிதமான காலத்தில் பயணம் வையுங்கள். ஏப்ரல், மே, செப்டம்பர் நல்லவை.

புறப்படும் விமான நிலையத்தில் வனவிலங்கு ஆய்வாளர் அனுமதித் தாளில் முத்திரையும் கையெழுத்தும் இட்டாரா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்த அனுமதி மறுமுனையில் செல்லாது.

கேள்வி: பயணத்துக்கு முன் நன்றாகச் சாப்பிட வைக்கலாமா?

கூடாது. பாம்பின் செரிமானம் முழுக்க வெளிச்சூட்டை நம்பியிருக்கிறது. வயிற்றில் எலியோடு குளிரில் அகப்பட்டால் அது செரிக்காமல் அழுகும், பாம்பு கக்கிவிடும். அந்தச் சிறு பெட்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து. வளர்ந்த பால் பைத்தானுக்குக் கடைசி உணவு பயணத்துக்குப் பத்து நாள் முன்பு, குட்டிக்கு ஒரு வாரம் முன்பு. தண்ணீர் மட்டும் கடைசி நாள் வரை இருக்கட்டும். கண் வெளுத்துச் சட்டை உரிக்கும் நிலையில் இருந்தால், முடிந்தால் தேதியைத் தள்ளுங்கள்.

கேள்வி: மாற்றலாகி நியூசிலாந்து போகிறேன். அங்கே என்ன விதி? என் தோழி சிங்கப்பூர், தம்பி ஹவாய் போகிறார்கள், இருவரிடமும் பாம்பு உண்டு.

மூன்று இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. நியூசிலாந்தில் உயிர்க்காட்சி சாலைகளில்கூடப் பாம்பு இல்லை. சிங்கப்பூரில் பாம்பை வளர்ப்பு விலங்காக வைத்திருக்க அனுமதி கிடையாது. ஹவாயில் 2 லட்சம் டாலர் வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டுப் பாம்புகளை வளர்ப்புக்காக உள்ளே விடாது.

பால் பைத்தான் இருபது, முப்பது ஆண்டு வாழும். செயின்ட் லூயிஸ் உயிர்க்காட்சி சாலையில் ஒன்று அறுபது வயதைத் தாண்டி, 2020இல் முட்டையிட்டது. அப்படிப்பட்ட உயிரை அவசரத்தில் யாரிடமோ தள்ளிவிடாதீர்கள். வாங்குகிறவரின் கூண்டை நேரில் போய்ப் பாருங்கள். உணவுக் குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: ஊருக்கே திரும்புகிறோம். கோவைக்குக் கொண்டுவரலாமா?

குடிபெயர்ந்து வருகிறவர்கள் உடன் கொண்டுவரும் வளர்ப்பு விலங்குச் சலுகை இந்தியாவில் நாய், பூனைக்கு மட்டும்தான். அயல்நாட்டு உயிரினத்துக்கு இறக்குமதி உரிமம் வேண்டும். வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இது நடைமுறையில் மிகக் கடினம். அங்கேயே நல்ல கைகளில் விட்டு வருவதைத்தான் நான் சொல்வேன்.

கேள்வி: அமெரிக்காவில் இருந்து ஜெர்மனிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். எங்கள் பால் பைத்தான் மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, பயமாக இருக்கிறது.

வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில்கூட உண்ணாமல் இருக்கும். சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 டிகிரி, உடல் முழுதும் ஒட்டும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் இரண்டு. இவை சரியாக இருந்தால் கையில் எடுக்காமல் விடுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அன்றே போங்கள்.

உங்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும்: அமெரிக்காவில் வாங்கிய வெப்பப் பாயைத்தானே அங்கேயும் வைத்திருக்கிறீர்கள்? அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, ஜெர்மனியில் வருவது 230. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் பாய் கருகும், பாம்பின் வயிறு வெந்துபோகும். பாயையும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியையும் இன்றே அங்கே புதிதாக வாங்குங்கள்.