ஜான் வூ இயக்கிய 'ரெட் கிளிஃப்' என்ற சீனப் படத்தில் வரும் போர் நிஜமாகவே அப்படித்தான் நடந்ததா?

நான் முதலில் பார்த்தது வெளிநாடுகளுக்காக வெட்டிச் சுருக்கிய இரண்டரை மணி நேரப் பிரதி. யார் எந்தப் பக்கம் என்று பிடிபடுவதற்குள் கப்பல்கள் எரிந்து முடிந்துவிட்டன. ஆசியாவில் 2008, 2009இல் இரண்டு பாகங்களாக வந்த முழுப் படத்தைப் பாருங்கள்.

போர் நடந்தது உண்மை. கி.பி. 208 குளிர்காலம், சீனாவின் யாங்சி ஆறு. வடக்கிலிருந்து பெரும்படையோடு இறங்கிய படைத்தலைவர் சாவோ சாவோவை, தெற்கை ஆண்ட சுன் சுவானும் இன்னொரு படைத்தலைவரான லியூ பெய்யும் கூட்டுச் சேர்ந்து தடுத்தார்கள். சாவோ சாவோ தன்னிடம் எட்டு லட்சம் பேர் என்று மிரட்டினார். சுன் சுவானின் தளபதி ஜோ யூ போட்ட கணக்கு இரண்டேகால் லட்சம்தான். படம் மிரட்டலையே எடுத்துக்கொண்டது. சினிமாவுக்கு அதுதானே வசதி.

ஒரு விஷயத்தில் இயக்குநர் ஜான் வூவைப் பாராட்ட வேண்டும். இந்தப் போரைச் சீனர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பது, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட 'மூன்று ராஜ்ஜியங்கள்' நாவல் வழியாக. அதில் ஜோ யூ பொறாமை பிடித்தவர். லியூ பெய்யின் ஆலோசகர் ஜூகே லியாங் மேடை கட்டி மந்திரம் சொல்லி, எதிரிக் கப்பல்களுக்குத் தீ வைக்கத் தோதான காற்றை வரவழைப்பார். படத்திலோ வானிலையைக் கவனித்துக் காற்று திரும்பும் என்று கணிக்கிறார். ஜோ யூ பெருந்தன்மையானவர், இசை வாசிப்பில் பிழை வந்தால் சட்டென்று திரும்பிப் பார்ப்பார் என்று பழைய வரலாற்றுக் குறிப்பே சொல்கிறது. ஆகவே அவரும் ஜூகே லியாங்கும் யாழ் போன்ற வாத்தியத்தை மீட்டும் காட்சி கற்பனைதான் என்றாலும் ஆளுக்குப் பொருந்துகிறது.

வைக்கோல் அடுக்கிய படகுகளை எதிரி முன்னே ஓட்டி, அதில் தைக்கும் அம்புகளைத் திரட்டுவது நாவல் சரக்கு. சாவோ சாவோ ஜோ யூவின் மனைவிக்காகப் படையெடுத்தார் என்பதும் அந்த வகையே. படத்தில் அவள் தேநீர் கொடுத்து சாவோ சாவோவைத் தாமதப்படுத்துவதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. (புறா பறக்காமல் ஜான் வூ படமா? இங்கேயும் பறக்கிறது.)

என் முக்கியமான குறை நோயைப் பற்றியது. படத்தில் சாவோ சாவோவின் முகாமில் தொற்று பரவுகிறது. பிணங்களை ஆற்றில் மிதக்கவிட்டு எதிரிக்கும் பரப்புகிறார். வில்லத்தனம் காட்ட அது போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் 3ஆம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாற்றில் நோய்க்கு இதைவிடப் பெரிய இடம் உண்டு. முதல் மோதலுக்கு முன்பே அந்தப் படை நோயில் விழுந்திருந்தது. அந்த நூலில் சாவோ சாவோவின் வாழ்க்கையைச் சொல்லும் பகுதியில் தீயைப் பற்றிப் பேச்சே இல்லை: போர் சாதகமாக இல்லை, கொள்ளை நோய் வந்தது, பலர் இறந்தார்கள், திரும்பினார், அவ்வளவுதான். தீக்கப்பல்கள் ஜோ யூவின் பகுதியில்தான் வருகின்றன. நோய் வந்ததால் நானே கப்பல்களைக் கொளுத்திவிட்டுத் திரும்பினேன், ஜோ யூவுக்குச் சும்மா பெயர் கிடைத்துவிட்டது என்று சாவோ சாவோ பின்னாளில் எழுதியதாகவும் ஒரு குறிப்பு இருக்கிறது. தோற்றவர் சால்ஜாப்பு என்று தள்ளலாம். முழுப்பொய் என்று நான் நினைக்கவில்லை.

தீத்திட்டம் ஜோ யூ தரப்பில் இருந்த ஹுவாங் காய் என்ற மூத்த தளபதியுடையது. சரணடைவதாகக் கடிதம் அனுப்பிவிட்டு, காய்ந்த நாணலும் விறகும் அடுக்கி எண்ணெய் ஊற்றிய கப்பல்களை ஓட்டிச் சென்றார். அன்று அவருக்கு நடந்ததைச் சொல்லும் பழைய குறிப்பு ஒன்று உண்டு. அம்பு பட்டுக் குளிர்ந்த ஆற்றில் விழுந்தார். சொந்தப் படையினரே தூக்கினார்கள். ஆனால் அடையாளம் தெரியாமல் கழிப்பறையில் கிடத்திவிட்டார்கள். கிடந்த இடத்திலிருந்து பலத்தையெல்லாம் திரட்டி, சக தளபதி ஹான் டாங்கை ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்த ஹான் டாங் அழுதுகொண்டே அவருக்கு ஈர உடையை மாற்றிவிட்டார்.

தேநீர்க் காட்சியை வெட்டிவிட்டு இதை எடுத்திருக்கலாம்.