வீட்டில் தமிழ், வெளியே மலையாளம்: பேசாத பிள்ளைக்கு எந்த மொழி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், அக்கம்பக்கத்தில் மலையாளம். மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். ‘பால்’, ‘வண்டி’ என்று நாலைந்து வார்த்தைதான் சொல்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் டிவியில் விளம்பரப் பாட்டு வந்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். மூத்தவளை அங்கன்வாடியில் விடப் போனபோது டீச்சர் இவனைக் கவனித்துவிட்டு, “ஆட்டிசமா என்று ஒரு தடவை காட்டிப் பாருங்கள்” என்றார். மாமியார், “இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்கிறார். ரெண்டு பாஷை கேட்டுக் குழம்புகிறான், தமிழை நிறுத்துங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நிறுத்தட்டுமா? பாலக்காட்டுக்குப் போவதா, கோவைக்கா?

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை, இருக்கும் ஆட்டிசம் கூடுவதும் இல்லை. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்துவிட்டார்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகள், ஒரே மொழி கேட்பவர்களைவிடப் பின்தங்கிவிடவில்லை. மலையாளத்தில் நீங்கள் தட்டுத்தடுமாறி நாலு வாக்கியம் பேசுவதைவிட, தமிழில் கொஞ்சிப் பேசி, பாட்டுப் பாடி, கோபித்துக்கொண்டு இருப்பதுதான் அவனுக்குத் தேவை. வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள். தண்ணீரை மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்று சொன்னால் அதுவும் ஒரு வார்த்தைதான்.

அப்படி எண்ணியும் நாலைந்துதான் என்றால், காத்திருக்கிற கட்டம் தாண்டிவிட்டது. இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மாமியார் சொல்வதுபோலத் தாமதமாகப் பேசி நன்றாக வளர்ந்த பிள்ளைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெறுமனே பேச்சு மட்டும் தாமதமான பிள்ளைக்கும் ஆட்டிசம் இருக்கக்கூடிய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம், பேச்சுக்கு முன்னால் வரும் விஷயங்களில்தான் தெரியும். அதைத்தான் நீங்கள் வீட்டில் கவனிக்க வேண்டும்.

ஒன்றே கால், ஒன்றரை வயதுக் குழந்தை பேசாவிட்டாலும் விரலை நீட்டும். தெருவில் யானை போகிறது என்று வையுங்கள். விரலால் யானையைக் காட்டும், உடனே திரும்பி, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தக் குழந்தை யானையைக் கேட்கவில்லை, நீங்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மலையாளமும் தமிழும் கலந்து கேட்கும் பிள்ளையும் இதைச் செய்யும், ஏனென்றால் இதற்கு மொழியே தேவையில்லை. இப்போது உங்கள் பையனைப் பாருங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தின் மேல் வைக்கிறானா? அது வேண்டியதைக் கேட்பது மட்டும்தான், காட்டுவது அல்ல. தனக்குப் பிடித்ததை உங்களுக்குக் காட்டுவதற்காக மட்டும் விரலை நீட்டுகிறானா, நீங்கள் ஒன்றைக் காட்டினால் அந்தப் பக்கம் பார்க்கிறானா, டாட்டா காட்டுகிறானா, அக்கா செய்வதைப் பார்த்துச் செய்கிறானா? இவை இல்லை, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால், ‘பாஷைக் குழப்பம்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. இருந்த வார்த்தைகள் காணாமல் போனால் எந்த வயதாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு ஆட்டிசம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். முதலில் காது. விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருகிறானே என்று விட்டுவிடாதீர்கள். சில ஒலிகள் கேட்டு, பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகளும் உண்டு. காது கேட்கும் திறனை அளக்கும் ‘பெரா’ பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். அதோடு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கேட்டு நிரப்புங்கள். 16 மாதம் முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கு உரியது, உங்கள் மகன் இன்னும் அந்த வயதில்தான் இருக்கிறான். அது வடிகட்டும் கருவி மட்டுமே, நோய்க்கணிப்பு இல்லை. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் காட்டாது. குழந்தையோடு உட்கார்ந்து, விளையாடவிட்டு, உங்களிடம் கேட்டுத்தான் சொல்வார்கள். வீட்டில் அவன் விளையாடுவது, சாப்பிடுவது, நீங்கள் கூப்பிடுவது எல்லாவற்றையும் செல்போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துப் போங்கள். புது இடத்தில் அழுதுகொண்டே இருந்தால் டாக்டர் எதைப் பார்ப்பார்?

எங்கே போவது என்றால், முதலில் பாலக்காடு. குழந்தைகளின் உடல்நலத்துக்கான ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக, வளர்ச்சித் தாமதத்தைச் சிறு வயதிலேயே கவனிக்கும் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்ப இடையீட்டு மையம் உண்டு, அங்கே இலவசம். அங்கன்வாடி டீச்சரோ ஆஷா பணியாளரோ வழிகாட்டுவார்கள். மேற்கொண்டு தேவைப்பட்டால் ஷொரணூர் கவளப்பாறையில் இக்கான்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசத்துக்கும் மொழிக் குறைபாடுகளுக்கும் என்றே உள்ள அரசு நிறுவனம். கோவை பஸ் உங்களுக்குச் சௌகரியமாக இருந்தால் தமிழில் தெரபி, அதாவது பேச்சுக்கும் பழகுவதற்கும் தரும் பயிற்சி, கிடைப்பது பெரிய லாபம்தான். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் வாரந்தோறும் விடாமல் போகக்கூடிய இடமாக இருக்கட்டும். மலையாளத்தில் தெரபி கிடைத்தாலும் பாதகமில்லை, வீட்டில் செய்ய வேண்டியதை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஏனென்றால் வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான் தெரபிஸ்ட். மற்ற நேரமெல்லாம் நீங்கள். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தூளியில் போட்டு ஆட்டுவது அவனுக்குப் பிடிக்குமா? இரண்டு தடவை ஆட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒன்றும் சொல்லாமல், அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நிமிர்ந்து பார்த்தாலோ, காலை உதைத்தாலோ, ஒரு சத்தம் கொடுத்தாலோ, அதையே அவன் கேட்டதாக எடுத்துக்கொண்டு ‘ஆட்டு’ என்று சொல்லி ஆட்டுங்கள். ‘சொல்லு, சொன்னாத்தான் ஆட்டுவேன்’ என்று கெஞ்சவும் மிரட்டவும் வேண்டாம். கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்குப் புரிய வேண்டும், வார்த்தை அதற்கப்புறம் வரும். முறுக்கு டப்பாவை முழுதாகக் கொடுக்காமல் ஒவ்வொரு துண்டாகக் கொடுப்பதும் இதே வேலையைச் செய்யும். கார்களை வரிசையாக அடுக்கினால் கலைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த காரை எடுத்துக் கொடுங்கள். படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய, அப்படி ஆவதில்லை. செல்போனால் ஆட்டிசம் வராது, ஆனால் இந்த விளையாட்டுக்கான நேரத்தையெல்லாம் அது தின்றுவிடும். எடுத்து வைத்துவிடுங்கள்.

மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது, நென்மாறை ‘வேலை’ திருவிழாவின் வாணவேடிக்கையில் கத்தி உருளுவது எல்லாம் பிடிவாதம் அல்ல. சில குழந்தைகளுக்குச் சத்தமும் கூட்டமும் நிஜமாகவே தாங்காது. அதற்கு அடி போடுவது கொடுமை.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குணமாக்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு யாராவது வருவார்கள். ஆட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை; தூக்கமின்மை, கடும் எரிச்சல், வலிப்பு போன்றவற்றுக்குத்தான் மருந்து தேவைப்படலாம். ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நிலத்தை அடகு வைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிமுறைப்படி அது ஆட்டிசத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. தடுப்பூசியையும் நிறுத்தாதீர்கள், தடுப்பூசியோடு ஆட்டிசத்தை முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. நீங்கள் வளர்த்த விதத்தால் வந்தது என்று யாராவது சொன்னால், அந்தக் கருத்தும் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆட்டிசம் என்று உறுதியானால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் அடக்கம். நீங்கள் குடியிருப்பது கேரளம் என்பதால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் யூ.டி.ஐ.டி. என்ற அடையாள அட்டைக்கும் பாலக்காட்டிலேயே விண்ணப்பியுங்கள், அட்டை நாடு முழுக்கச் செல்லும். சிறு வயதில் தரும் சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகமானது; தேதி பார்த்துப் புதுப்பியுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் ஒரு வரம்புவரை அடங்கும். பள்ளி வயது வந்ததும் தமிழ்வழிப் பள்ளியிலேயே சேர்க்கலாம். சேர்ப்பதற்கு முன் பி.ஆர்.சி. என்ற வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பு ஆசிரியரைப் பார்த்து, அவர் வாரத்தில் எத்தனை நாள் அந்தப் பள்ளிக்கு வருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.