மாசி பிறந்தாச்சு, தொட்டியில் என்ன போடலாம்?

பொங்கல் முடிந்து மாசி பிறந்துவிட்டாலே எனக்கு வரும் தோட்டக் கடிதங்கள் இரண்டு மடங்காகிவிடும். இந்த முறை வந்தவற்றில் ஏழு கேள்விகளை எடுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்கு விளக்கமாகச் சொன்னால்தான் காரியம் நடக்கும்.

வீடியோக்களில் வசந்த காலத் தோட்டம் என்று கேரட், பட்டாணி, லெட்யூஸ் எல்லாம் விதைக்கிறார்கள். நானும் விதை வாங்கி வைத்துவிட்டேன். இப்போது மாடியில் போடலாமா அக்கா?
– வாசகி, திருச்சி

வேண்டாம்மா. அந்தப் பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் எடுத்துக்கொள்ளலாம். குளிர்நாட்டுக்காரர்களுக்கு வசந்தம் என்றால் பனி உருகி மண் மெல்லச் சூடேறத் தொடங்குகிற காலம், கேரட்டும் பட்டாணியும் அந்தக் குளுமையில்தான் தேறும். நமக்கு மாசியும் பங்குனியும் பின்பனி, அது போனதும் சித்திரை வைகாசியில் இளவேனில், அந்த இளவேனிலுக்குள்ளேயே மே மாதக் கத்திரி வெயிலும் வந்துவிடுகிறது. ஆக, இப்போது விதைக்கிற எதுவும் இரண்டு மாதத்தில் கொதிக்கிற மொட்டை மாடியில் நின்று காய்க்க வேண்டும். அதை மனதில் வைத்துத்தான் விதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதல் இடம் வெண்டைக்கு. விதையை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து நேரடியாகப் பையிலேயே ஊன்றுங்கள், நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டியதில்லை. நான்கைந்து நாளில் முளைக்கும், 45 நாள் வாக்கில் முதல் காய் பறிக்கலாம். நாலு செடி வைத்துவிட்டு ‘ஒரு பொரியலுக்குக்கூடத் தேறவில்லை’ என்று எழுதுகிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பத்துச் செடியாவது வேண்டும், அதில் பாதியை இன்றும் மீதியை பதினைந்து நாள் கழித்தும் ஊன்றினால் பறிப்பு தொடர்ந்து வரும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிற நோய் வெள்ளை ஈயால் பரவுவது, வந்த செடியைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கிப் போடுங்கள். முன்கூட்டியே மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ அதில் ஒட்டிக்கொள்ளும்.

கொத்தவரை, காராமணி, வெள்ளரி, பாகல், பீர்க்கு எல்லாம் போடலாம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்து ஒரு மாதத்துக்குள் குழம்புக்கு வந்துவிடும். தக்காளியைப் புதிதாகத் தொடங்காதீர்கள், இரவிலும் சூடு தணியாத நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூவாகவே உதிர்ந்துவிடும். கொத்தமல்லியும் வெயிலில் இலை விடுவதற்குள் பூத்துவிடும்.

மண் கலவை பற்றி ஒன்று. செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு என்பது வழக்கமான கணக்கு. நார்க்கழிவுக் கட்டியை மட்டும் கழுவாமல் போடாதீர்கள். போன ஆண்டு ஒரு கடையில் கழுவியது என்று சொல்லித் தந்ததை நம்பி அப்படியே கலந்தேன், பத்து நாளில் வெள்ளரி நாற்று முழுவதும் இலை ஓரம் கருகி நின்றது. அதில் உப்பு இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துதான் கலக்கிறேன்.

வீட்டில் இருக்கும் மல்லிகைச் செடி புதர் மாதிரி இருக்கிறது, பூ மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் இப்போதே பூக்கிறது. என்ன உரம் போடலாம்?
– வாசகி, திண்டுக்கல்

உரக் குறை இல்லை இது, கவாத்துக் குறை. மல்லி புதுக் கிளையில்தான் மொட்டு வைக்கும். மல்லிகை விவசாயிகள் நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு, அதாவது 45, 50 செ.மீ. விட்டு மொத்தமாக வெட்டிவிடுவார்கள். மொட்டையாக நிற்கும் செடியைப் பார்த்தால் பதறும். ஆனால் அந்த வெட்டிலிருந்து துளிர்க்கிற கிளைதான் மாசி பங்குனியில் தொடங்கிக் கோடை முழுக்கப் பூத்துத் தள்ளுகிறது. பக்கத்து வீட்டில் அதைச் செய்திருப்பார்கள்.

இப்போது அவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டாம். காய்ந்த குச்சி, உள்பக்கம் பின்னிக் கிடக்கும் கிளை, நுனியில் ஒரு சாண் இவற்றை மட்டும் எடுங்கள், பழைய இலைகளைக் கையால் உருவிவிடுங்கள். பிறகு வேரைச் சுற்றிக் கிளறித் தொழு உரமும் ஒரு பிடி கடலைப் புண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விடுங்கள். ஆறு மணி நேர நேரடி வெயில் கட்டாயம், நிழலில் மல்லி இலையாகத்தான் வளரும். சித்திரைக்குள் ஓரளவு பூ பார்ப்பீர்கள், நவம்பர் கடைசியில் கத்தரிக்கோலை எடுக்க மட்டும் மறக்காதீர்கள். மொட்டு ஊதா நிறமாகி, பக்கத்து மொட்டுகளோடு நூலால் பின்னியதுபோல இருந்தால் மொட்டுப்புழு. அந்தக் கொத்தைக் கிள்ளி அழித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

நாலாவது மாடியில் சுரைக்கொடி பந்தல் நிறையப் படர்ந்திருக்கிறது. பிஞ்சு வருகிறது, விரல் நீளம் ஆனதும் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. மனசே கேட்கவில்லை.
– வாசகர், மதுரை

உங்கள் கொடியில் நோய் எதுவும் இல்லை, மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான். பெண் பூ மலரும்போதே அடியில் குட்டிச் சுரைக்காய் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதைப் பிஞ்சு என்று நினைக்கிறோம், சூல் கொள்ளாவிட்டால் மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி விழும்.

பூசணியும் பாகலும் காலையில் பூக்கும், தேனீ வந்துவிடும். சுரை, பீர்க்கு, புடல் மூன்றும் பொழுது சாயும்போது பூப்பவை. சுரைப்பூ வெள்ளையாக இருப்பதே இருட்டில் அந்துப்பூச்சிக்குத் தெரியத்தான். நாலாவது மாடிக்கு அந்துப்பூச்சி சரியாக வருவதில்லை, நீங்கள் காலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போது பூ சுருங்கிக் கிடக்கும், எப்போது பூத்தது என்றே தெரியாது.

இன்று மாலை ஆறு, ஆறரைக்குக் கையில் டார்ச்சோடு மேலே போங்கள். நீளமான மெல்லிய காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. அதைக் காம்போடு கிள்ளி, வெள்ளை இதழ்களைப் பின்பக்கமாக மடக்கி உரித்துவிட்டால் நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு மட்டும் இருக்கும், விரலில் தொட்டால் ஒட்டும். மயிர் படர்ந்த குட்டிக்காய் மேல் விரிந்திருக்கும் பெண் பூவைக் கண்டுபிடித்து, அதன் நடுவில் பிசுபிசுப்பாக மூன்று பிளவாக இருப்பதன் மேல் இந்தப் பொடியை மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். ஒரு ஆண் பூவை வைத்து இரண்டு பெண் பூவுக்குச் செய்யலாம். இரண்டு மூன்று நாளில் காம்பு கீழே வளைந்து காய் பளபளவென்று பருத்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை அப்படி வளைந்து நின்ற காயைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆண் பூவே அதிகமாக வந்தால் தலைக்கொடி நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளையில் பெண் பூ கூடும். அப்புறம், காயில் ஊசி குத்தியது மாதிரிப் புள்ளியும் கோந்துத் துளியும் தெரிந்தால் அது பழ ஈ. இனக்கவர்ச்சிப் பொறி வாங்கும்போது கொடிக்காய்க்கான க்யூலூர் என்று கேட்டு வாங்குங்கள். மாமரத்துக்கு வைக்கிற மெத்தில் யூஜினாலை மாற்றி வாங்கி வந்தால் கொடி ஈ அதற்கு வராது.

ஸ்ரீநகரில் டூலிப் தோட்டம் பார்த்துவிட்டு ஆசையாகக் கிழங்கு வாங்கி வந்தேன். இங்கே பூக்குமா?
– வாசகி, கோயம்புத்தூர்

டூலிப் கிழங்குக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் நல்ல குளிர் கிடைத்தால்தான் பூ உருவாகி மேலே வரும். 2007இல் திறந்த அந்தத் தோட்டமே, அவ்வளவு குளிருக்குப் பிறகு, வருஷத்தில் ஒரு மாதம் போலத்தான் பூத்திருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்துப் பழக்கி ஒரு முறை பூக்க வைக்கலாம், நம் வெயிலில் பூ நிற்காது, அடுத்த ஆண்டுக்குக் கிழங்கும் தங்காது. கிழங்கிலிருந்து பூ எழும்புவதைப் பார்க்கிற ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கு நர்சரியில் ஃபுட்பால் லில்லி கேளுங்கள். ஆண்டு முழுக்கச் சும்மா கிடந்துவிட்டு, சித்திரை வைகாசி வாக்கில் வெறும் மண்ணிலிருந்து சிவப்புப் பந்து ஒன்று எழுந்து நிற்கும். பக்கத்துத் தொட்டியில் மழை லில்லி வைத்தால் கோடை மழை பெய்த சில நாளில் அது பூக்கும்.

தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் மதியம் செடி வாடுகிறது.
– வாசகர், வேலூர்

மூடாக்குப் போடுங்கள். வேம்பும் புங்கனும் இலை கொட்டுகிற நேரம் இது. தெருவில் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தயவுசெய்து கொளுத்தாதீர்கள், கொளுத்தவும் விடாதீர்கள், ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு போய் அள்ளி வாருங்கள். ஒவ்வொரு பையிலும் தண்டை ஒட்டாமல் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் மண் சூடேறாது, ஈரம் நிற்கும், ஆடிக்குள் பாதி உரமாகியும் விடும். கரும்புச் சோகை கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரைக் காலை எட்டு மணிக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும் ஊற்றுங்கள். பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். சித்திரை பிறக்கும் முன் 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள்.

ஸ்கார்பரோவில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்த கத்தரி, மிளகாய், அவரை விதைகளை எப்போது போடுவது? போன வருஷம் அவரைக்கொடி வேலி முழுக்கப் படர்ந்தும் பூக்கவே இல்லை அக்கா.
– வாசகி, கனடா

உங்களுக்கு வசந்தம் நிஜமாகவே வசந்தம்தான். அங்கே எல்லோரும் மே மாதம் விக்டோரியா டே வார இறுதியைக் கணக்கு வைத்துத்தான் செடியை வெளியே நடுகிறார்கள், அந்தக் கணக்கு சரி. அதிலிருந்து எட்டு, பத்து வாரம் பின்னால் எண்ணினால் மார்ச், கத்தரியும் மிளகாயும் அப்போது வீட்டுக்குள் நாற்று விட வேண்டும். 25 டிகிரிக்குக் குறைந்தால் முளைக்கச் சுணங்கும், அதனால் முளைக்கும் வரை வெப்பமான மூலையில் வையுங்கள், முளைத்த உடனே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். கொடி விதைகளை ஏப்ரல் கடைசியில் காகிதக் கோப்பையில் போட்டால் போதும், வேரை அசைக்காமல் கோப்பையோடு நடலாம். வெளியே நடும் முன் ஒரு வாரம், பத்து நாள் பகலில் கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் பழக்குங்கள். கறிவேப்பிலைத் தொட்டிக்கும் இதேதான், இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று உறுதியான பிறகு வெளியே கொண்டுபோங்கள்.

அவரைக்கு வருவோம். நம் ஊர்ப் பந்தல் அவரை பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும், அதனால்தான் இங்கே மார்கழி தையில் காய்த்துக் குலுங்குகிறது. உங்களுக்கு ஜூனில் பகலே பதினைந்து மணி நேரத்துக்கு மேல். அது குறைந்து கொடி பூக்க நினைக்கும்போது உறைபனி வந்துவிடும். உங்கள் மேல் தப்பே இல்லை. அடுத்த முறை குத்து அவரை விதை வரவழையுங்கள், பகல் நீளத்தைப் பார்க்காமல் காய்க்கிற ரகமா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பழைய பைகளில் தக்காளியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. அந்த மண்ணைக் கொட்டிவிடவா?
– வாசகர், தஞ்சாவூர்

கொட்டாதீர்கள், வெயில் அதைச் சரிசெய்யும். வேரில் முடிச்சு போடுவது மண்ணில் இருக்கும் நூற்புழு. ‘சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று சொல்வதற்கு ஒரு காரணம், புரட்டிப் போட்ட மண்ணில் களையும் கூட்டுப்புழுவும் வெயிலில் காய்ந்து சாகும் என்பதுதான். மாடியில் அதையே சின்னதாகச் செய்யலாம். முடிச்சு வேர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மண்ணைத் தார்ப்பாயில் ஒரு சாண் கனத்துக்கு மிகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, மேலே ஒளி ஊடுருவுகிற பாலித்தீன் தாளைப் போர்த்தி ஓரங்களில் செங்கல் வையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், கண்ணாடி மாதிரித் தெரிகிற தாள்தான் உள்ளே சூட்டை ஏற்றும். சித்திரையில் தொடங்கி நாலு முதல் ஆறு வாரம் அப்படியே விடுங்கள். இதில் நல்ல நுண்ணுயிரும் குறைந்துவிடும், ஆகவே எடுத்ததும் மட்கிய உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து பத்து நாள் ஈரமாக ஆறவைத்தால் ஆடிப்பட்டத்துக்கு மண் தயார். முதல் சுற்றுக்கு அதில் தக்காளி, கத்தரி, வெண்டை எதையும் வைக்காமல் செண்டுமல்லி போடுங்கள்.