செத்தவரின் இதயத் துடிப்பு கொலைகாரன் காதில் கேட்பதாக வரும் கதை நம்பும்படி இருக்கிறதா?

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையைப் பற்றிக் கேட்கிறீர்கள். கிழவரைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் மறைத்தவன், அதே இடத்தின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த மூன்று போலீஸ்காரர்களோடு சிரித்துப் பேசுகிறான். திடீரென்று கிழவரின் இதயம் துடிப்பது கேட்கிறது. தாங்க முடியாமல் தானே கூச்சல் போட்டு ஒத்துக்கொள்கிறான். "அவ்வளவு சாமர்த்தியசாலி இப்படி மாட்டிக்கொள்வானா, ஓவராக இல்லையா?" என்பது உங்கள் கேள்வி. காலேஜ் பாடத்துக்காகப் படித்திருப்பீர்கள், வயது இருபது இருக்கலாம். எனக்கு இருபதில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். 2009-இல் ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட். வாரக் கடைசியில் ராயக்கோட்டை பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். அப்பாவைப் பெற்ற ஆயா நடையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும். முழங்கால் மடங்காது, தூக்கிவிட ஆள் வேண்டும். ராத்திரி தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறந்து கூப்பிடாது. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தில் தட்டும். அப்பா பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டிய டம்ளர், விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி தட்டியது. நான் பக்கத்தில் பாயில் படுத்திருந்தேன். நன்றாகக் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி தட்டியது. இன்னொரு தடவை தட்டினால் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். தட்டவில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

விடியற்காலையில் பானைக்குப் பக்கத்தில் ஆயா கிடந்தது. இடுப்பெலும்பு முறிவு. அப்புறம் 23 நாள்தான் இருந்தது. "பையனை எழுப்பியிருக்கலாம்ல?" என்று அம்மா கேட்டபோது நான் அங்கேதான் நின்றேன். "ஷிப்டு பாத்துட்டு வந்து அசந்து தூங்குது சாமி, எழுப்ப மனசு வரல" என்றது ஆயா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.

கொலையையும் இதையும் ஒன்றாக வைக்கலாமா என்று யாராவது எழுதுவீர்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. அந்தத் தட்டல் இன்னும் காதில் கேட்கிறது என்றால் "டாக்டரைப் பாருங்கள்" என்பவர்களுக்கும் சொல்கிறேன், பார்த்தாயிற்று. காதில் ஒரு குறையும் இல்லை.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆயாவின் கால் அப்படி ஆனது வயதால் மட்டுமல்ல. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகி மூட்டு விறைத்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்குள் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. என் பல்லிலும் அந்தத் தண்ணீரால் வந்த காவிக்கறை இருக்கிறது. ஒரு இண்டர்வியூவில் "பல் விளக்குற பழக்கம் இல்லையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்கள். தர்மபுரிக்காரன் பல்லைப் பார்த்து அப்படிக் கேட்பவர்கள் ஒரு வருஷம் எங்கள் தண்ணீரைக் குடித்துப் பார்க்கட்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். காரியம் முடிந்த முப்பதாம் நாள் போல, பஸ்ஸில் கண்டக்டர் கம்பியில் காசால் தட்டினார். உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அதிலிருந்து குழாயடிக் குடம், பக்கத்து வீட்டுக் கரண்டி, எதில் கேட்டாலும் அந்த டம்ளர்தான். அமாவாசைக்கு ஆயா படுத்த இடத்தில் அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பார். "கிழவி தாகத்தோட போச்சு, தண்ணி கேட்டு வரும்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். ஆயா வரவே இல்லை.

அந்தக் கதையைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். பஞ்சில் சுற்றிய கடிகாரம் போல் சத்தம் வருகிறது என்று போ எழுதியிருப்பது சரிதான், ஆனால் என்னைப் பிடித்தது அந்த இடமல்ல. போலீஸ்காரர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது, தெரிந்துகொண்டே தெரியாதது போல் பேசித் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவன் நினைக்கிறானே, அந்த இடம். அவனை உடைத்தது துடிப்பு அல்ல, எதிரே இருப்பவர்களின் சாதாரணப் பேச்சு. நீங்கள் ஓவர் என்பதும் அந்த இடத்தைத்தான். எனக்கு அதில் ஒரு வரிகூட மிகையாகத் தெரியவில்லை. "தண்ணி வேணுமாடா?" என்று அம்மா சும்மா கேட்டால்கூட, இவருக்குத் தெரிந்திருக்கிறது, வேண்டுமென்றேதான் கேட்கிறார் என்று தோன்றும். ஆயா கடைசி நாளில் அப்பாவிடம் சொல்லியிருக்குமோ என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா அந்த டம்ளரில் மோர் கொடுத்தார். வேறு டம்ளர் எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

"இதுக்கு என்னடா?" என்றார்.

"நசுங்கியிருக்குப்பா."

சற்று நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.