கூடுதல் ஷிஃப்ட் எடுத்தால் லாபமா?

கேள்வி: இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு கடையில் வாரம் 20 மணி நேரம் வேலை. அதை 30 ஆக்கிக்கொள்கிறாயா என்று முதலாளி கேட்கிறார். கடன் இருப்பதால் ஆசையாக இருக்கிறது. ஆனால் போன பருவத்தில் ஒரு அரியர் விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போகும். என்ன செய்யலாம்?

பதில்: படிப்பு நடக்கும் நாட்களில் வேண்டாம்.

ஒரு பருவத்துக்கு 20 வாரம் என்று வைத்தால், கூடுதலாக வருவது 200 மணி நேரக் கூலி. பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால் போவது 26 வார முழுநேரச் சம்பளம். வாரத்துக்கு 40 மணி வீதம் 1,040 மணி நேரம். அப்போதும் கடை வேலை வாரம் 20 மணி வீதம் தொடரும் என்று 520-ஐக் கழித்துவிட்டாலும் மீதி 520 மணி நேரம் நஷ்டம். மறுபடி கட்டும் கட்டணத்தையும், பட்டதாரிக்குக் கிடைக்கும் கூடுதல் சம்பளத்தையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. படித்து முடித்ததும் வேலை கிடைக்காவிட்டால்? அப்போதும் தேடலை ஆறு மாதம் தாமதமாகத்தான் தொடங்குவீர்கள்.

அரியர் விழுந்ததைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முழுநேரப் படிப்பு என்பதே ஒரு முழுநேர வேலை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்பின் அளவைக் கணக்கிடும் கிரெடிட் முறையில் ஓராண்டுப் படிப்புக்கு 1,500 முதல் 1,800 மணி நேர உழைப்பு என்று கணக்கு. 40 வாரத்தில் பிரித்தால் வாரம் சுமார் 40 மணி நேரம். அதோடு 20 மணி நேர வேலையையும் ஏற்கெனவே சுமக்கிறீர்கள்.

சரி, கடன்? அது என்ன கடன் என்று நீங்கள் எழுதவில்லை. கல்விக் கடன் என்றால் இப்போதே அடைக்க அவசரமில்லை. மாதாமாதம் வட்டியை மட்டும் கட்ட முடிந்தால் பாக்கி வளராது. கிரெடிட் கார்டு பாக்கி என்றால் விஷயம் வேறு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் குறைவதே தெரியாது. கார்டை இன்றே ஓரமாக வைத்துவிட்டு, விடுமுறையில் சம்பாதிப்பதை அதில் போடுங்கள்.

பாடங்களைக் குறைத்துக்கொண்டு வேலையைக் கூட்டலாம் என்று தோன்றினால், முதலில் உதவித்தொகை நிபந்தனைகளைப் படியுங்கள். முழுநேரப் பதிவு இல்லையென்றால் பல உதவித்தொகைகள் நின்றுவிடும்.

முதலாளியிடம் வெறுமனே மறுக்க வேண்டாம். விடுமுறை வாரங்களில் 40 மணி நேரம்கூட வருகிறேன், தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் 10 மணி நேரம் போதும் என்று கேளுங்கள். தேர்வு அட்டவணையை இப்போதே கொடுத்துவிட்டால், அந்த வாரங்களுக்கு வேறு ஆள் பார்க்க அவருக்கும் நேரம் கிடைக்கும்.