ஸ்பீக்கர் வாங்கும் முன் எந்த ஆல்பத்தைப் போட்டுக் கேட்பது?

கேள்வி: பல வருட ஆசை, இப்போதுதான் நல்ல ஹைஃபை ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கப் போகிறேன். ஒலிப்பதிவுத் தரத்துக்குப் பெயர்போன ஆல்பங்கள் என்று நண்பர் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் பாதியை நான் கேட்டதே இல்லை. எவற்றை எடுத்துப் போகலாம்?

பதில்: கேட்டதே இல்லாத பாதியை விட்டுவிடுங்கள். புதுப் பாட்டைப் புது ஸ்பீக்கரில் கேட்டால், மனதைத் தொட்டது பாட்டா ஸ்பீக்கரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாடகர் எங்கே மூச்சு இழுக்கிறார் என்பது வரை உங்களுக்கு மனப்பாடமான நான்கு ஆல்பங்கள் போதும்.

நான் முதலில் போடுவது ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. முன்பு தேவாலயமாக இருந்த ஒரு ஸ்டூடியோவில் 1959இல் பதிவானது. முதல் பாட்டின் மெட்டை டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம்தான் எடுத்துக் கொடுக்கும். அந்த வாத்தியத்தின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், மிகத் தாழ்ந்த ஒலி. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, எல்லாம் ஒரே ‘தும் தும்’ ஆகிறதா என்று கவனியுங்கள். எத்தனை கடைகளில் கேட்டாலும் ஒரே பதிப்பையே போடுங்கள். அன்று பதிவுசெய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பழைய பதிப்புகளில் முதல் மூன்று பாட்டுகள் கொஞ்சம் சுருதி ஏறி ஒலிக்கும். 1992இல்தான் அதைச் சரிசெய்தார்கள்.

அடுத்தது பாடகி சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’, 1987 ஆல்பத்தில் உள்ள வடிவம். வாத்தியமே கிடையாது, ஒரு பெண் குரல் மட்டும். ஒலிக் கோப்புகளைச் சுருக்கும் எம்பி3 முறையை உருவாக்கியபோது பொறியாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுச் சோதித்தார். தனிக்குரலில் எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள இடமில்லை. குரல் மூக்கடைத்தது போலவோ பெட்டிக்குள்ளிருந்து வருவது போலவோ இருந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம்.

ஸ்டீலி டான் இசைக்குழுவின் ‘ஏஜா’ (1977) உங்கள் பட்டியலிலும் இருக்கும். ஒலிப்பதிவுக்காகவே கிராமி வாங்கிய ஆல்பம், எனக்கு உயிர். ஆனாலும் கடைசியாகத்தான் போடுவேன். இப்படிப் பதிவானவை சுமாரான ஸ்பீக்கரிலும் இனிக்கும். மயங்கிய காதால் எடைபோட முடியாது.

நான்காவதாக, சுமாராகப் பதிவாகியும் நீங்கள் விடாமல் கேட்கும் ஆல்பம் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். பட்டியல்கள் மறப்பது இதைத்தான். நாம் நேசிக்கும் இசையில் பெரும்பகுதி அப்படிப் பதிவானதுதானே? அதைக் கேட்க முடியாதபடி கீச்சிட வைக்கும் ஸ்பீக்கர் எவ்வளவு துல்லியமானதானாலும், வீட்டுக்கு வந்தபின் உங்கள் சேமிப்பில் பாதி தூசி படிந்து கிடக்கும். நான் ஒருமுறை இப்படி ஏமாந்து, ஒரே வருடத்தில் விற்றுவிட்டேன்.

ஒப்பிடும்போது இரண்டு ஜோடிகளின் சத்தமும் சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத்தான் ‘நல்லது’ என்கும்.

கேள்வி: கடையில் பேஸ் (தாழ்ந்த ஒலி) அளவாக இருந்தது, வீட்டில் குமுறுகிறது. ஸ்பீக்கரில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் அறைதான் காரணம். மூலையும் சுவரும் பேஸைக் கூட்டும். கடையில் போட்ட அதே பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரை ஒவ்வொரு சாணாகச் சுவரிலிருந்து முன்னே நகர்த்துங்கள். உங்கள் நாற்காலி பின்சுவரை ஒட்டியிருந்தால் அதையும் நகர்த்திப் பாருங்கள். திருப்பிக் கொடுப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.