செருப்பு ஆர்க்கிட்டுக்கு எப்போது, எதற்காகத் தொட்டி மாற்ற வேண்டும்?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே நிழல்வலைக் குடிலில் செருப்பு ஆர்க்கிட் (பாபியோபெடிலம்) செடிகளை மலர் விற்பனைக்காக வளர்த்து வருகிறேன். பெரும்பாலும் பச்சை இலை ரகங்கள். மரப்பட்டையும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் கலந்து நட்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. தவறாமல் நீர் ஊற்றியும் பல செடிகளின் இலைகள் துவண்டு கிடக்கின்றன. பக்கக்கன்றுகளும் சிறுத்தே வருகின்றன. வேர்கள் தொட்டியை அடைத்து நிரம்பும் வரை ஆர்க்கிட்டைத் தொடக்கூடாது என்கிறார் பக்கத்துத் தோட்டத்தார். இது தை மாதம். பாதிச் செடிகள் பூவில் உள்ளன. இப்போது தொட்டி மாற்றலாமா, பொறுத்திருக்க வேண்டுமா?

பதில்: தங்கள் பக்கத்துத் தோட்டத்தார் சொல்வது சிம்பிடியம், டென்ட்ரோபியம் போன்ற ஆர்க்கிட் வகைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். அவற்றின் தண்டுப் பகுதி பருத்து நீரையும் உணவையும் சேமித்து வைப்பதால், வேர் நெருக்கத்தையும் ஓரளவு வறட்சியையும் அவை தாங்கிக்கொள்கின்றன. செருப்பு ஆர்க்கிட்டுக்கு அத்தகைய சேமிப்பு உறுப்பு எதுவும் கிடையாது. தடித்த, எளிதில் ஒடியக்கூடிய சில வேர்களை நம்பியே அது வாழ்கிறது. ஆகவே தொட்டி நிரம்புவதற்காகக் காத்திருக்க வேண்டாம். வேரைச் சுற்றியுள்ள ஊடகத்தின், அதாவது மரப்பட்டை முதலான நடவுக் கலவையின், நிலையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையும், மிகத் தாமதமானால் இரண்டு ஆண்டுக்குள்ளும் மாற்றிவிடுவது நல்லது.

மட்கிய மரப்பட்டை பொடிந்து துகள்களுக்கிடையே உள்ள காற்றிடங்களை அடைத்துவிடுகிறது, புளிப்புத்தன்மை கூடுகிறது, நாம் இட்ட உரங்களின் உப்பும் அதில் தங்கி வேர்நுனிகளைக் கருக்குகிறது. காற்றில்லாத ஈரத்தில் வேர் அழுகும்போது செடியால் நீரை உறிஞ்ச முடியாமல் இலை துவள்கிறது. அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் ஊற்றுவதால் எஞ்சியிருக்கும் வேர்களும் போய்விடுகின்றன. தங்கள் செடிகளில் இதுவே நடந்திருக்கும் என்று கருதுகிறேன்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பக்கக்கன்றும் தாயின் அடிப்பகுதிக்குச் சற்று மேலிருந்தே கிளம்புகிறது. புதிய வேர்கள் அந்தக் கன்றின் அடியிலிருந்துதான் வர வேண்டும். மேகாலயத்தின் காசி மலைகளில் இயற்கையாக வளரும் இன்சிக்னி போன்ற செருப்பு ஆர்க்கிட் இனங்களுக்கு, ஆண்டுதோறும் உதிரும் இலைச்சருகு அடிப்பகுதியை மூடிக்கொண்டே வருகிறது. தொட்டியிலோ ஊடகம் மட்கித் தாழ, கன்று மேலேற, வேர்முனைகள் வெறுங்காற்றில் நின்று காய்ந்து வளர்ச்சி அற்றுப்போகின்றன. வேரில்லாத கன்று சிறுத்துத்தான் வரும். ஊடகம் இன்னும் கெடாமல் இருந்தாலும், கன்றின் அடி வெளியே தெரியத் தொடங்கினால் செடியை எடுத்து ஆழமாக நட்டுவிட வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, பூ முடிந்து புதுக்கன்று கிளம்பும் மாசி, பங்குனி மாதங்களே தங்கள் பகுதிக்கு மிகவும் ஏற்றவை. வெயிலும் வெப்பமும் ஏறும் அந்த நாட்களில் வேர் வேகமாக ஓடும். பின்வரும் கோடை மழையின் ஈரக்காற்றும் துணை நிற்கும். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேரை வெட்டினால் காயம் ஆறுவதற்கு முன் அழுகல் நுழைந்துவிடும். உதகைப் பக்கத்தில் வளர்ப்போர் ஆனியில் தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்கு முன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அழுகும் செடிக்கு நல்ல மாதம் பார்ப்பதற்கில்லை. துவண்ட செடிகளில் ஒன்றிரண்டைக் கவிழ்த்து எடுத்து ஊடகத்தை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் அத்தகைய செடிகளின் பூக்களை இப்போதே கொய்து விற்றுவிட்டு, உடனே மாற்றுங்கள். பூவை விட்டுவைத்தால் இருக்கும் கொஞ்ச நீரும் அதற்கே செலவாகும். இலை விறைப்பாக உள்ள செடிகள் பூத்து முடியட்டும்; அவற்றை மாசியில் எடுத்தால் போதும்.

வேரைச் சுத்தம் செய்யும்போது மிகுந்த பொறுமை வேண்டும். செருப்பு ஆர்க்கிட்டின் உயிருள்ள வேர் பழுப்பு நிறமாக, மெல்லிய மயிரடர்ந்து இருக்கும். நிறத்தைப் பார்த்து அதை இறந்த வேர் என்று வெட்டிவிடுவோர் ஏராளம். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் உண்டு. மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அதை நீக்கிவிடலாம். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தியைத் தீயில் காட்டுவது அவசியம், ஏனெனில் வைரஸ் நோய் வெட்டுக்கருவி வழியே பரவுகிறது. பரவிவிட்டால் அதற்கு மருந்தில்லை. எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசையில் செடியைப் பிரிக்க வேண்டாம். பிரித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பங்கில் குறைந்தது மூன்று கன்றுகளாவது இருக்கட்டும். அதற்கும் குறைந்தால் பூப்பது தள்ளிப்போகும்.

ஊடகத்துக்கு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள மரப்பட்டை ஆறு பங்கு, மரக்கரி இரண்டு பங்கு, பெர்லைட் (இலேசான வெண்ணிற எரிமலைக்கல் துகள்) இரண்டு பங்கு என்ற கலவை மலைப்பகுதி ஈரத்துக்குப் போதுமானது. பட்டையை ஒரு நாள் முன்பே ஊற வையுங்கள். காய்ந்த பட்டை நீரை ஏற்காது. தேங்காய் மட்டைத் துண்டு சேர்ப்பதானால் நீரைப் பலமுறை மாற்றி ஊறவைத்து உப்பை முழுவதும் வெளியேற்ற வேண்டும். மரப்பெரணி நாரையும் பாசியையும் சோலைக்காடுகளிலிருந்து எடுத்து வரும் வழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. சட்டத்துக்கும் காட்டுக்கும் எதிரான அச்செயலைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

தொட்டி, வேர்கள் கொள்ளும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயாமல் நின்று மீண்டும் அழுகலுக்கு வழி செய்யும். கன்றின் அடி ஊடகத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் அமையும்படியும், குருத்து மூடப்படாதபடியும் நட்டு, செடி ஆடாமல் ஊடகத்தை நிரப்புங்கள். வேரே மிஞ்சாத செடிகளைச் சிறிய தொட்டியில் ஈரமான ஸ்பாக்னம் பாசியில் வைத்து, நிழலும் காற்றில் ஈரப்பதமும் குறையாமல் காக்க வேண்டும்.

நட்ட பின் மூன்று நான்கு வாரங்களுக்கு உரம் வேண்டாம். நீரைக் காலையிலேயே ஊற்றிவிடுங்கள். தை மாதக் குளிர் இரவில் குருத்தில் நீர் தங்கினால் செடியே அழுகிவிடும். ஏற்கெனவே சுருங்கிய பழைய இலைகள் முழுமையாக நிமிராமல் போகலாம். அதைக் கண்டு மனம் தளர்ந்து செடியைத் தோண்டிப் பார்க்காமல், நடுக்குருத்தும் புதுக்கன்றும் வளர்கின்றனவா என்பதை மட்டும் கவனித்து வாருங்கள்.